துவக்குக்கு வைத்த குங்குமப் பொட்டு

பென்டில் ஹில்லில் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பலகை வீட்டை வாங்கி, கூரையிலிருந்து குசினி வரைக்கும் என் கையால் திருத்தினேன். கிரவீனில் இப்போது இருக்கிற வீட்டை அத்திவாரத்திலிருந்து எழுப்பினேன். சிட்னியில் இடியப்ப உரல் என்ற சாமானே கண்ணில் படாத காலத்தில், தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ஸ்ரெயின்லெஸ் குழாயைக் கடைந்து உரல் செய்து கொடுத்தேன். அந்த உரலில் பிழிந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று டொக்டராகவும் வக்கீலாகவும் பரமட்டாவில் நடமாடுகிறார்கள். தேங்காய் துருவ மேசை விளிம்பில் பூட்டுகிற துருவலை செய்தேன். கோயிலில் சுவாமி வலம் வருகிற சகடைக்கு இரும்பு அச்சுக் கடைந்தேன். இன்றுவரை ஒரு கிறீச்சுச் சத்தம் வந்ததில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், சொந்தப் பட்டறை வைத்து ஆட்களுக்கு வேலை கொடுத்தேன். இவை எல்லாவற்றுக்கும் முந்தி, இருநூறு யார் (கெஜம்) தூரத்தில் இருக்கிற கடதாசியில் கறுப்பு வட்டத்துக்குள் துளைபோடுகிற ஒரு துவக்கை, துப்பாக்கியை, உருவாக்கினேன்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். "செல்லத்துரை அண்ணை, இடியப்ப உரலை நம்பிறம், துவக்கை விடுங்கோ" என்கிறார்கள். சிரிக்கட்டும். போன மாதம் அந்தத் துவக்கைப் பல வருடங்களுக்குப் பிறகு திரும்பக் கண்டேன். துவக்குச் சுடுகிற கழகம் ஒன்றின் மண்டபச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. கீழே பித்தளைத் தகடு. அதில் என் பெயர் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு போனால் எனக்காக வேறு ஆர் பேசப்போகிறார்கள்? அதனால்தான் பேனா பிடிக்கத் தெரியாத கையால் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களும் வாசியுங்கள், இங்கே என்னைப்போல வந்தவர்களும் வாசியுங்கள்.

எழுபதுகளின் நடுவில் வந்தோம். வந்தது என் திறமையால் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில் பரமேசுவின் நேர்ஸ் படிப்புக்குத்தான் இந்த நாடு கதவைத் திறந்தது. நான் அவளுடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பரமேசு என்பது பரமேஸ்வரி, என் மனைவி. இந்த வரியை வாசித்தால் இன்றைக்கு எனக்கு மீன் குழம்பு நிச்சயம்.

ஊரில் நான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் லேத் மெசினில் நின்றவன். இங்கே கிரன்வில் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. சேர்ந்து சில நாளில் நான் கண்ட அதிசயத்தைக் கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்கள் பகுதித் தலைவர் ரெஜ், நரைத்த தலை, மேசை போன்ற நெஞ்சு, தன் சான்ட்விச்சைப் பிரித்து வைத்தார். பக்கத்தில் ஒரு துணிப்பையைத் திறந்து ரைபிள் ஒன்றை எடுத்து வேலை மேசையில் கிடத்தினார். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் துவக்கு என்றால் பொலிஸ்காரன் தோளில் கிடக்க வேண்டும், அல்லது வௌவால் சுடுகிற பணக்காரத் தோட்டக்காரர் வீட்டில் பூட்டிக் கிடக்க வேண்டும். இங்கே ஒரு மனிதர் ஒரு கையில் பாண், மறு கையில் எண்ணெய்த் துணி என்று, பிள்ளைக்குத் தலை துடைக்கிற மாதிரி அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விளக்குமாற்றோடு சுவரோரமாக நழுவினேன். ரெஜ் அதைக் கண்டுவிட்டார். சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சி ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். உள்ளே விரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு.

"இதுதான் போல்ட். இது இல்லாட்டி துவக்கு வெறும் குழாய், மேற். பயப்படாதை" என்றார். அவர் பேசியது இங்கிலீசுதான், 'மேற்' என்றால் கூட்டாளி. நான் எங்கள் பேச்சில் தருகிறேன். போல்ட் எப்போதும் அவருடைய பையில்தான் இருக்கும். துவக்கை எங்கே வைத்தாலும் வைப்பார், போல்ட்டை மட்டும் பெற்ற மகளிடமும் கொடுத்தது கிடையாது.

என்னை லேத்தில் நிற்கவிட்டதும் அவர்தான். ஒரு நாள் லேத்காரர் வராதபோது, நான் கூட்டுகிற சாட்டில் மெசினையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இது ஓட்டுவியா?" என்றார். "யெஸ்" என்றேன். ஓட்டிக் காட்டினேன். அடுத்த நாள் விளக்குமாறு வேறு ஆளின் கைக்குப் போய்விட்டது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

அந்த வருடம் நவராத்திரி வந்தது. சீமெந்துத் தொழிற்சாலையில் ஆயுத பூசை என்றால் சின்ன விசயமா? மெசின்களை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, தமிழன் சிங்களவன் என்றில்லாமல் எல்லோரும் வரிசையில் நின்று கடலையும் அவலும் வாங்குவோம். மாலை என்ன, கடலை என்ன, இங்கே எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குச் சோறு போடுகிற மெசினை வெறும் நெற்றியோடு விட மனம் வரவில்லை. பரமேசுவின் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை கொண்டுபோய், வேலை முடிந்து போகும்போது லேத்தின் முகப்பில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் லேத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. இரவு ஷிப்ட்காரர் மெசினைத் தொடவே இல்லை. அந்தத் தொழிற்சாலையில் சிவப்பு அடையாளம் என்றால் கழித்தது என்று அர்த்தம். பிழையான சாமானுக்கும் ஓடக்கூடாத மெசினுக்கும்தான் சிவப்பு. பூசை செய்கிறேன் என்று நான் மெசினுக்குச் சாவோலை எழுதி வைத்திருக்கிறேன்!

ரெஜ் வந்தார். "ஆர் இதைக் கழிச்சது?"

என் இங்கிலீசு அந்த இடத்தில் எனக்குத் துணை வரவில்லை. என் நெற்றியைத் தட்டினேன், மெசினைத் தட்டினேன், இரண்டு கையையும் கூப்பினேன். ரெஜ் யோசித்தார். ஒரு தடவை எங்களைப் பஸ் நிலையத்தில் ஒன்றாகக் கண்டிருந்தார், பரமேசுவின் பொட்டு அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"உன்ரை மனுசி வைக்கிறதோ? அப்ப நீ இந்த மெசினையும் கலியாணம் கட்டிப்போட்டியோ?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்கிறது. ரெஜ் தானே துணியை எடுத்து, அழுத்தித் தேய்க்காமல், கண்ணில் விழுந்த தூசி எடுக்கிற மாதிரி மெல்லத் துடைத்தார். "இதை வீட்டில செய், செல். இஞ்சை செய்தால் வேலை நிண்டிடும்" என்றார். என் பெயரில் அவருக்கு வாய்க்கு அடங்கியது 'செல்' மட்டும்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் என் சொந்த அரமும் திருகுசாவியும் அளவுக் கருவியும் வீட்டில்தான் பூசை கண்டன.

இரண்டு வருடம் கழித்து ரெஜ் தன் வீட்டுத் தகரக் கூரையிலிருந்து விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். டொக்டர் உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார். பெரிய துவக்கு இனி வேண்டாம், அதன் உதை தோளைத் திரும்பப் பிரித்துவிடும் என்று சொல்லிவிட்டார். ரெஜ்ஜுக்கு அது சும்மா ஒரு பொழுதுபோக்கு இல்லை என்பதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அவருடைய மனைவி இறந்து பல வருடம். ஒவ்வொரு ஞாயிறும் கழகத்தின் இருநூறு யார் மேட்டில், பழைய கூட்டாளிகளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துச் சுடுவதுதான் அவருக்குக் கோயில், சொந்தம், கலியாண வீடு எல்லாம். அந்த மேடு பெரிய துவக்குகளுக்கு மட்டும். மேசையில் நான் பார்த்த சின்னத் துவக்கு, இருபத்திரண்டு என்று சொல்லுவார்கள், தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கிற விளையாட்டுச் சாமான். அதற்கு உதை இல்லை. ஆனால் அதைக் கழகத்தில் ஐம்பது யார் கொட்டகையில் பள்ளிக்கூடப் பெடியள்தான் சுடுவார்கள்.

"பெடியளோட போய்ப் படுக்கச் சொல்லுறாங்கள். அதுக்கு நான் வீட்டில புல்லு வெட்டலாம்" என்றார் ரெஜ். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

கழகத்தின் கப்ரன் கிளைவ் என்று ஒருவர். கெட்ட மனிதர் இல்லை, சட்டப் புத்தகம் மாதிரி ஆள். இங்கே ஒக்டோபரில் வருகிற வசந்தகாலப் போட்டியன்று இருநூறு யாரில் இருபத்திரண்டைச் சுட்டுக் காட்டு, பத்துக் குண்டும் கறுப்புக்குள் விழுந்தால் மேட்டில் உன் இடம் உனக்கு, ஒன்று வெளியே போனாலும் கொட்டகைக்குப் போ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ரெஜ் கை கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வந்து என்னிடம் கேட்டார்: "செல், இதை ஆக்கித் தருவியா?"

நான் வாழ்க்கையில் ஒரு துவக்கைக் கையால் தொட்டதில்லை. "யெஸ்" என்றேன். எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீசு வார்த்தை அது. அதை வைத்துத்தான் நான் முன்னுக்கு வந்தேன்.

சிக்கல் என்னவென்று சொல்கிறேன், விளங்காமல் விடாதீர்கள். இருபத்திரண்டின் குண்டு மெதுவாகப் போகும். மாங்காய்க்குக் கல் எறிகிற மாதிரி, தூரத்துக்கு எறிய மேலே பார்த்து எறிய வேண்டும். இருநூறு யார் போவதற்குள் அது ஓர் ஆள் உயர அளவுக்குக் கீழே இறங்கிவிடும். குறி பார்க்கிற தூரக்கண்ணாடியைத் திருகித் திருகிக் கடைசிக்குக் கொண்டுபோனாலும் அந்த அளவு எட்டாது. ரெஜ் பியர் ரின்னைக் கத்தரித்து மடித்துக் கண்ணாடிக்குக் கீழே முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் ரின் தகடு ஒவ்வொரு பக்கம் நகரும். உடைந்த வாங்கின், அதாவது பெஞ்சின், காலுக்குக் கடதாசி மடித்து வைக்கிற வேலை அது. நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். உருக்குக் கட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த ஒரு சாய்வான அடியை வெட்டி, அரத்தால் இழைத்து, துவக்கின் முதுகோடு ஒளி புகாமல் படிகிற வரைக்கும் சீர்செய்து, நான்கு திருகாணியால் பூட்டினேன். மத்தியான இடைவேளைகளில்தான் எல்லாம். மற்றவர்கள் சீட்டு விளையாட, நானும் ரெஜ்ஜும் மேசையில் குனிந்திருப்போம். விசையில் மட்டும் கை வைக்கமாட்டேன் என்றேன். அது துவக்குக்காரன் வேலை. ரெஜ் அதை ஊரறிந்த ஒரு துவக்குக்காரரிடம் கொடுத்துச் சரிபார்த்துக் கொண்டுவந்தார்.

அடுத்தது மரம். மழைக்கு மரப்பிடி ஊதி, குழாயை ஒரு பக்கமாகத் தள்ளியது. குழாய் எதிலும் தொடாமல் தனியே நிற்க வேண்டும். கடதாசி ஒன்றை இடையில் விட்டு நுனிவரைக்கும் தடையில்லாமல் இழுக்கக்கூடியதாக மரத்தைச் சுரண்டினேன். பிறகு இரும்பு உட்காருகிற குழியில் ரெசின் பசையை ஊற்றி, இரும்பை அதற்குள் அழுத்தி, அச்சு எடுத்த மாதிரி இறுக வைக்க வேண்டும். பசை மரத்தில் ஒட்டலாம், இரும்பில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் துவக்கு போச்சு, ரெஜ்ஜின் மேடும் போச்சு. இதற்கென்று ஒரு மெழுகு விற்கிறார்கள் என்று ரெஜ் சொன்னார். எனக்கு வேறு ஒன்று தெரியும். இங்கே குளிர்காலமான ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் குளியலறையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளைக் கல்லாக உறைந்து கிடக்கும். பரமேசு காலையில் அதை வெயிலில் வைத்துப் பேசிக்கொண்டு நிற்பாள்: "இஞ்சாருங்கோ, இது எண்ணெயோ ஐஸோ? இந்த நாட்டில தலைக்கு எண்ணெய் வைக்கவும் அடுப்பு மூட்டவேணும்."

அந்த உறைந்த எண்ணெயை விரலில் தொட்டு இரும்பு முழுவதும் மெல்லிய தோலாகப் பூசினேன். பசை இறுகிய பிறகு மரத்தைத் தட்டினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். இரும்பு கழன்று கையில் வந்தது, குழிக்குள் அதன் உருவம் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. பட்டறையில் நான் ஒரு சுற்று ஆடினேன் என்று இன்றும் சில பேர் சொல்வார்கள். அது பொய் இல்லை.

ரெஜ் மரப்பிடியைக் கன்னத்தில் வைத்து மோந்து பார்த்தார். "என்னடா செல், என்ரை ரைபிள் லமிங்டன் மணக்குது!" லமிங்டன் என்பது இங்கே தேங்காய்ப்பூவில் புரட்டுகிற கேக். அதற்குப் பிறகு பட்டறையில் அந்தத் துவக்கின் பெயரே லமிங்டன்தான்.

கடைசி வேலையாகத் தூரக்கண்ணாடியைச் சாய்வு அடியில் பூட்டி அளவு பார்க்க, வெள்ளிக்கிழமை துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். போல்ட் வழமைபோல ரெஜ்ஜின் பையில். போல்ட் இல்லாத துவக்கில் ஒரு வசதி இருக்கிறது: பின்பக்கத்தால் குழாய்க்குள் கண்ணை விட்டுப் பார்க்கலாம். வீட்டுப் பின்புறக் கொட்டிலில் அதைக் கிடுக்கியில் மெத்தென்று இறுக்கி, குழாய்க்குள்ளால் தூரத்து மேட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். குழாய் தொட்டியின் உச்சியைப் பார்க்கும்போது கண்ணாடியின் சிலுவைக்கோடு அதன் காலைப் பார்க்க வேண்டும். பொழுதுபடும் வரைக்கும் திருகித் திருகி அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். இது குத்துமதிப்புத்தான். சரியான அளவைச் சுட்டுத்தான் எடுக்க வேண்டும். ஞாயிறு காலை போட்டிக்கு முதல் வந்து எடுத்துப்போவதாக ரெஜ் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை ஆயுத பூசை. விடிய எழும்பி, முன்னறையில் ஒரு வாங்கில் வெள்ளைச் சேலை விரித்து, சரஸ்வதி படம் வைத்து, என் அரங்கள், சாவிகள், பரமேசுவின் காய்ச்சல் பார்க்கிற கருவி, கத்தரிக்கோல், எல்லாவற்றையும் அடுக்கினோம். நடுவில் துவக்கு. நான் செய்ததில் பெரியது அது, அதைக் கொட்டிலில் விட்டுவிட்டு அரத்துக்கு மட்டும் பூசை செய்ய முடியுமா? மரப்பிடியில் சந்தனம் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். பரமேசு அப்பிளும் எலுமிச்சம்பழமும் அவித்த கடலையும் படைத்தாள். கற்பூரம் காட்டி முடிய, கதவில் தட்டல்.

ரெஜ். மேடு இன்றைக்குப் பழகுவதற்குத் திறந்திருக்கிறதாம், துவக்கை எடுத்துப்போய்ச் சுட்டு அளவு எடுக்க வந்திருக்கிறார். முகம் முழுக்கச் சந்தோசம். உள்ளே எட்டிப் பார்த்தார். மரப்பிடியில் சிவப்பு அடையாளம். அந்தச் சந்தோசம் அப்படியே வடிந்தது. லேத்தில் வைத்த பொட்டு அவருக்கு மறந்துபோயிற்று. தொழிற்சாலைக் கண்ணால்தான் பார்த்தார்.

"எங்க வெடிச்சது? குழாயோ மரமோ?" என்றார்.

"நோ நோ. ஃபைன். வெரி குட்" என்றேன் நான். "டுடே ரெஸ்ற். ரைபிள் ஸ்லீப்பிங்."

"நாளைக்குப் போட்டி, செல். இண்டைக்கு அது நித்திரை கொள்ளேலாது."

நான் பரமேசுவைப் பார்த்தேன். அவளுடைய இங்கிலீசு ஆஸ்பத்திரி இங்கிலீசு, எந்தக் கெட்ட செய்தியையும் பதமாகச் சொல்லும். இன்றைக்குக் கருவிகளின் நாள், பூசைக்கு வைத்ததை நாளைக் காலைவரை எடுப்பதில்லை, நாளை விசயதசமி, எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை என்று விளங்கப்படுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "என்னப்பா, பாவம் அந்த மனுசன். குடுக்கிறதெண்டால் குடுங்கோ. சாமி கோவிக்காது" என்றாள்.

நான் தலையாட்டவில்லை. என் அப்பா, அவருடைய அப்பா, அந்த நாளில் மண்வெட்டியைத் தொட்டவர்கள் இல்லை. ஊரை விட்டு வந்த இடத்தில் நான் விட்டுவிட்டது எத்தனையோ. இதையும் விட்டால் என்னிடம் மிச்சம் என்ன? ஆனால் அந்த மனிதரின் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு விளக்குமாற்றுக்குப் பதிலாக லேத்தைத் தந்த மனிதர். பழகாமல் போய் நாளைக்கு ஒரு குண்டு வெளியே போனால், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

ரெஜ் அந்த வாங்கில் இருந்ததை ஒவ்வொரு கருவியாகப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். ஒருவரும் கழற்றச் சொல்லவில்லை.

"உங்கட நாட்டில கருவியளுக்கும் யூனியன் இருக்குது போல" என்றார். "நல்ல பலமான யூனியன்." பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து விரித்தார். "இதுவும் அதின்ரை ஆள்தானே. இதுக்கும் லீவு குடுங்கோ."

போல்ட்டைத் துவக்குக்குப் பக்கத்தில் தானே வைத்தார். மகளிடமும் கொடுக்காத போல்ட். பரமேசு அதிலும் ஒரு பொட்டு வைத்தாள், கடுகளவு. அவருக்கு ஒரு கிண்ணத்தில் கடலை கொடுத்தாள். கரண்டியைத் தேடிவிட்டு, என் கையைப் பார்த்து, கையாலேயே சாப்பிட்டார். "பியரோட நல்லாயிருக்கும்" என்றார். சாமி படத்துக்கு முன்னால் சொல்கிற பேச்சா அது? பரமேசு சிரித்துவிட்டாள். அன்றிரவு அந்தத் துவக்கும் போல்ட்டும் முதல் தடவையாக அவருடைய கைக்கு எட்டாத ஒரு வீட்டில் ஒன்றாகக் கிடந்தன.

ஞாயிறு காலை குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, துவக்கை எடுத்து ரெஜ்ஜின் கையில் கொடுத்தேன். அவருடைய காரில் மூன்று பேரும் போனோம். பரமேசு பச்சைச் சேலையில், தேத்தண்ணிப் போத்தலோடு. அந்த மைதானத்துக்கு அதுவரைக்கும் சேலை போயிருக்காது. கிளைவ் ஒவ்வொரு துவக்கையும் பரிசோதித்துக்கொண்டு வந்தார். எங்களுடையதைக் கண்டதும் நின்றார். அந்த நாளில் அங்கேயும் சிவப்பு என்றால் கழித்ததுதான்.

"சிவப்பு ஏன்? ஆர் இதைக் கழிச்சது?"

"கழிக்கேல்லை, கிளைவ்" என்றார் ரெஜ், கண் இமைக்காமல். "பாஸ் பண்ணினது. உன்னைவிடப் பெரிய இடத்தில பரிசோதிச்சு முத்திரை வைச்சிருக்கு." என்னையும் பரமேசுவையும் காட்டினார். கிளைவ் எங்களை மேலும் கீழும் பார்த்தார். துவக்கை நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிழை ஒன்றும் பிடிக்க முடியாமல், போ என்று கை காட்டினார்.

பழகுவதற்கு இரண்டு வெடி உண்டு. ரெஜ் குப்புறப் படுத்தார். மரப்பிடியை உடைந்த தோளில் பதமாக வைத்தார். முதல் வெடி. பக்கத்தில் தூரக்கண்ணாடியால் பார்த்துச் சொல்ல இருந்த ஆள் "கடதாசியில, கீழே" என்றார். கடதாசியில்! தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நான் திருகிய திருகல், சுடாமலேயே இருநூறு யாரில் கடதாசியைக் கண்டுபிடித்திருக்கிறது! நான் பரமேசுவின் கையைப் பிடித்தேன். எல்லார் முன்னாலும் பிடித்தேன். ரெஜ் மேலே கொஞ்சம் திருகினார். இரண்டாவது கறுப்பின் ஓரத்தில்.

பிறகு பத்து. காற்றுக்கொடி ஆடும், ரெஜ் காத்திருப்பார். கொடி தணியும், வெடிக்கும். சத்தம் கூட ஒரு சின்னத் தட்டல்தான். ஒவ்வொன்றுக்கும் நான் விரல் மடக்கி எண்ணினேன். முதல் ஒன்பதும் உள்ளே. பத்தாவதுக்குக் கொடி தணியவே மாட்டேன் என்றது. ரெஜ் ஒரு தடவை துவக்கிலிருந்து முகத்தை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்கிறது? நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் பல்லைக் காட்டிச் சிரித்தார், திரும்பினார், வெடித்தது.

கடதாசியைக் கொண்டுவந்தார்கள். பத்தாவது துளை கறுப்பின் விளிம்புக் கோட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே. கிளைவ் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"கோட்டில தொட்டால் உள்ளே" என்றார் கிளைவ். சட்டப் புத்தகம் மாதிரியான ஆள் என்று சொன்னேனே. அதற்கு இன்றும் நான் அவருக்கு நன்றியுள்ளவன்.

ரெஜ் கை கால் ஏலும் மட்டும் அந்த மேட்டிலேயே படுத்துச் சுட்டார். அவரைப் பார்த்துத் தோள் உடைந்தவர்களும் வயது போனவர்களும் இருபத்திரண்டோடு மேட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் லமிங்டன் எங்கள் வீட்டுக்கு வரும், போல்ட்டோடு. ரெஜ் கடலை சாப்பிட்டுவிட்டுப் போவார். கடைசி வருடங்களில் அவர் மகளிடம், வடக்கே குயின்ஸ்லாந்துக்குப் போனார். அங்கேதான் கண்ணை மூடினார். மகள் துவக்கைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, என்னைத் தேடிப்பிடித்துச் சொன்னாள். அதனால்தான் போன மாதம் போனேன்.

இப்போதைய கப்ரன் ஓர் இளைஞர், மரியாதையான பிள்ளை. "ரெஜ் தன்ரை கையாலேயே செய்தது, சேர்" என்று எனக்கே விளங்கப்படுத்தினார். தகட்டிலும் அதுதான் இருந்தது: ரெஜ், இந்தக் கழகத்தின் நீண்டதூர இருபத்திரண்டை உருவாக்கியவர். மரப்பிடியில் பொட்டு மங்கிப்போய் இருந்தது, ஆனால் இருந்தது. ரெஜ் அதன் மேல் வார்னிஷ் பூசிக் காப்பாற்றியிருக்கிறார்.

நான் அந்தப் பிள்ளையிடம், வெளியே மேட்டில் வரிசையாகக் கிடந்த துவக்குகளைக் காட்டி, பரிசோதித்ததற்கு ஏன் சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மற்ற இடங்களில் பச்சை அல்லவா?

"எங்கட கழகத்தில எப்பவும் சிவப்புத்தான், சேர். காரணம் ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். சொன்னேன். முழுக்க நம்பினாரோ தெரியாது, ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

போல்ட் எங்கே என்று கேட்டேன். இப்போதைய சட்டத்தின்படி அது வேறு அறையில், வேறு இரும்புப் பெட்டியில், வேறு ஆள் வைத்திருக்கிற பூட்டுத் திறப்பில் இருக்கிறதாம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயை எல்லோரும் பார்த்துப் போகிறார்கள். அதை வெடிக்க வைக்கிற துண்டு இன்னோரிடத்தில் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அது புதினமாகப் படவில்லை. நானும் அப்படித்தானே இந்த ஊரில் இத்தனை வருடம் தொங்குகிறேன்? உடம்பு கிரவீனில், நல்ல இடத்தில், வெளிச்சத்தில், குறை சொல்ல ஒன்றுமில்லாமல். உள்ளே இருந்த ஒரு துண்டு காங்கேசன்துறையில், இராணுவம் வேலி போட்டதால் நான் போய்த் திறக்க முடியாத ஒரு வீட்டு வளவில். இரண்டும் ஒன்றாகக் கிடந்தது ஒரு வாங்கில், ஒரு சனிக்கிழமை, சப்பாத்தைக் கழற்றிய ஒரு வெள்ளைக்காரரின் தயவில்.

அந்த மனிதருடைய பெயரைத் தகட்டிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் முதலில் சண்டைக்குப் போகிறவன் நான்தான். ரெஜ் உயிரோடு இருந்தால் தகட்டைக் கண்டவுடன் "செல்லின்ரை பேர் எங்க?" என்று கேட்டிருப்பார். அவர் கேட்க முடியாதபடியால் நான் கேட்கிறேன். கழகத்தாரே, சாய்வு அடி என்னுடையது, தேங்காயெண்ணெய் என்னுடையது, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த கண் என்னுடையது, உங்கள் துவக்குகளில் நீங்கள் ஒட்டுகிற சிவப்பு பரமேசுவின் சிமிழிலிருந்து வந்தது. ரெஜ்ஜின் பெயருக்குக் கீழே ஒரு விரலளவு இடம் மிச்சம் இருக்கிறது, அன்றைக்கே பார்த்து வைத்துவிட்டேன். அதில் செல்லத்துரை பரமேஸ்வரி என்று இரண்டு பெயரையும் வெட்டுங்கள், ஒரு வரி இங்கிலீசில், ஒரு வரி தமிழில். தமிழ் எழுத்து வெட்ட ஆள் தேடி அலைய வேண்டாம். கிரவீனில் இருக்கிறேன், கை இன்னும் நடுங்கவில்லை. தகட்டைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், நானே வெட்டித் தருகிறேன்.